“நல்லாத்தான் இருக்கேன் நர்சம்மா” என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். 11 வருட சர்வீஸ். ஒரு கல்லூரியின் ஆய்வுக்காக எங்கள் பகுதியில் 60 வயதைத் தாண்டிய 120 பேரைப் பேட்டி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வித்தாள் 14 பக்கம். 80 பேரை முடித்துவிட்டேன். எதைக் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன் நர்சம்மா” என்கிறார்கள். பாதி வீடுகளில் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். போன வாரம் 74 வயதுப் பாட்டி ஒருவர், மருமகள் பக்கத்தில் இருந்தபோது மூன்று வேளை சாப்பிடுவதாகச் சொன்னார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “ரெண்டு வேளைதாம்மா, இத எழுதிடாத” என்றார். அவர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். தாளில் என்ன எழுதுவது? இந்தப் பேட்டிகளால் இவர்களுக்கு என்ன பயன் டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

நாளைக்கே போய் அவருடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் ஒரு வேளை சாப்பாடு தவறினாலும் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு என்று ஏதாவது எழுதியிருந்தால் கதையே வேறு. அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வேலை செய்யாது. வயதாகி சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கிவிடும். ராத்திரி சாப்பிடாமல் படுத்தவருக்கு விடியற்காலையில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், எழுந்திருக்கும்போது விழுவார். சில முதியவர்களுக்கு வேர்வைகூட வராது. பேச்சு தடுமாறும், அவ்வளவுதான். “கிழவிக்கு மூள குழம்பிப்போச்சு” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அந்த வகை மாத்திரை என்றால் அன்றைக்கே மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லி அளவை மாற்ற வையுங்கள்.

“எழுதிடாத” என்றாரே, அதை மீறாமல் எப்படிச் சொல்வது? அவரிடமே கேளுங்கள்: “தாள்ல எழுதல பாட்டி. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லட்டுமா? மாத்திரைய மாத்தணும்.” பெரும்பாலும் சரி என்பார். அப்புறம் ஒரு எடை மெஷினைக் கொண்டுபோங்கள். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கையேடு சொல்கிறது. பழைய எடை தெரியாவிட்டால் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பாருங்கள். எடை குறைந்திருந்தால் வீட்டில் பேச உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். “உங்க அத்தைக்கு எடை குறையுது, சர்க்கரை மாத்திரை போடுறவங்க, மூணு வேளையும் சாப்பிட்டே ஆகணும், ராத்திரிக்கு என்ன குடுக்கறீங்க?” என்று மருமகளிடம் நேராகக் கேட்கலாம். பாட்டி சொன்னதாக ஒரு வார்த்தையும் வெளியே வராது. மருமகளைக் கெட்டவள் என்று முடிவுகட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டில் யார் எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. ராத்திரி சாப்பாட்டைப் பாட்டியே பேரனுக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம். பல்லில்லாமல் மெல்ல முடியாததாகவும் இருக்கலாம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வருகிறதா, அது யார் கைக்குப் போகிறது என்பதையும் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.

ஒருவேளை வேண்டுமென்றே பட்டினி போடுகிறார்கள் என்று தெரியவந்தால், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவரே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கவும் முடியும். ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் புகார் செய்துவிட்டு வந்துவிடுவீர்கள், அவர் அதே வீட்டில்தான் படுத்து எழ வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் நீங்களே டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். அப்படிச் சொல்லப்போவதை அவரிடமும் மறைக்காதீர்கள்.

தாளில் என்ன எழுதுவது? மூன்று என்று எழுதினால், பொய் என்று தெரிந்தே எழுதியதாகும். இரண்டு என்று எழுதினால் அவர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். “பதிலளிக்க விரும்பவில்லை” என்று போடுங்கள். பேட்டியின்போது குடும்பத்தினர் உடனிருந்தார் என்பதையும் குறித்துவிடுங்கள். அப்படி ஒரு கட்டம் உங்கள் கேள்வித்தாளில் இல்லையென்றால் ஆய்வுக் குழுவிடம் சொல்லிச் சேர்க்க வையுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாமல் முதியவர்களின் பதிலைக் கூட்டிக் கழிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இப்போது “நல்லாத்தான் இருக்கேன்”. அதை வெறும் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். “உங்கள் உடல்நிலை எப்படி?” என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆய்வு உலகில் பெரிய மதிப்பு உண்டு. கனடாவின் மானிடோபா மாகாணத்து முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1982-ல் ஒரு கட்டுரை வந்தது. உடல்நிலை மோசம் என்று தாங்களே சொன்னவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். மருத்துவப் பதிவுகளில் இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் பலவற்றிலும் இதே முடிவு வந்தது. தன் உடம்பைப் பற்றி அந்த மனிதருக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அமர்த்தியா சென் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார். இந்தியாவில் மக்கள் அதிக காலம் வாழும் கேரளத்தில்தான் “எனக்கு நோய் இருக்கிறது” என்று சொல்பவர்கள் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. பீகாரில் நோய் குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மூட்டுவலியும் கண் மங்கலும் “வயசானா அப்படித்தான்” என்று ஆகிவிடுகின்றன. உங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் “நல்லாத்தான் இருக்கேன்” பெரும்பாலும் இந்த வகை. “உங்களுக்கு பிபி இருக்கா?” என்று கேட்டு “இல்ல” என்று பதில் வந்தால், “இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல” என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியா முழுவதும் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் 2017-18-ல் முதல் சுற்று நடந்த, மூத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் லாசி ஆய்வில், கேட்டதோடு நிறுத்தாமல் ரத்த அழுத்தத்தை அளந்தும் பார்த்தது இதனால்தான்.

அதனால் நான் நோயைப் பற்றிக் கேட்பதைவிட ஒரு நாளைப் பற்றித்தான் கேட்பேன். “காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க தாத்தா? எந்திரிச்சதும் என்ன செஞ்சீங்க?” அங்கிருந்து ராத்திரி படுக்கும் வரை அவரோடு கூடவே நடந்து போவேன். பாத்ரூம் வீட்டுக்குள்ளே இருக்கிறதா வெளியிலா, குத்தவைத்து எழுந்திருக்க முடிகிறதா, குளிக்கத் தண்ணீரை யார் தூக்குகிறார்கள், ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள், போன் பேசத் தெரியுமா, பணம் யார் கையில். கேட்ஸ் பட்டியல் (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகள்), லாட்டன் பட்டியல் (சமையல், கடைக்குப் போவது, பணம் கையாள்வது) என்று உங்கள் 14 பக்கத்தில் இருப்பதில் பாதி இதற்குள் வந்துவிடும். லாட்டன் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. “சமைக்க முடியுமா?” என்று 70 வயது ஆணிடம் கேட்டால் “நான் எதுக்கு சமைக்கணும்?” என்பார். முடியாததையும் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாததையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக் கேட்டு ஒருமுறை கிடைத்ததைச் சொல்கிறேன். ஒரு தாத்தா, 70-ஐத் தாண்டியவர், இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்திருந்தார். “கால் வழுக்கிருச்சு” என்பதுதான் அவர் பதில். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலைந்து தடவை, ஒண்ணுக்குப் போக. எப்போதிலிருந்து? “கால் வீக்கத்துக்கு மாத்திர குடுத்தாங்கல்ல, அதுல இருந்து.” மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். துணிக்கடை மஞ்சப்பை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபைன் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஓர் அட்டை. தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த, பெயரும் நிறமும் வேறாக இருந்த இன்னோர் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் அம்லோடிபைன். இரண்டையும் போட்டிருக்கிறார். அந்த மருந்து அதிகமானால் கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டதால் ராத்திரி ஒண்ணுக்கு. இருட்டில் எழுந்து போனதால் விழுந்தார். “மருந்து ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?” என்று கேள்வித்தாள்படி கேட்டிருந்தால் “ஆமாம்” என்று ஒரு டிக் விழுந்திருக்கும். அது உண்மையும்கூட. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை போகிறது, மிக நல்ல காரியம். அந்த வீட்டில் வேறு எங்கிருந்தெல்லாம் மாத்திரை வருகிறது என்றும் பாருங்கள். மெடிக்கல் ஷாப் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் சேர்த்துத்தான்.

எந்தக் கேள்விக்கும் முன்னால் காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பயிற்சிக் காலத்தில் ஓர் ஆய்வுக்காக முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்று தலையாட்டினார். கூட்டிப் பார்த்தால் 10 மதிப்பெண். ஐந்தைத் தாண்டினாலே மனச்சோர்வாக இருக்கலாம் என்று கணக்கு. தாளில் அப்படியே எழுதி மனநலப் பிரிவுக்கும் அனுப்பினேன். அங்கே இருந்த மருத்துவர் முதலில் காதில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு காதும் அழுக்கு அடைத்துக் கிடந்தன. நான் கேட்ட ஒரு கேள்வியும் அவருக்குக் கேட்கவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார். பிறகு அளவுகோலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 15 கேள்விகளில் 10-க்கு “ஆம்” என்றால் மதிப்பெண், ஐந்துக்கு “இல்லை” என்றால் மதிப்பெண். “வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா?” என்பதற்கும் ஆம், “வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா?” என்பதற்கும் ஆம். இரண்டும் ஒரே தாளில் என் கையெழுத்தில் இருந்தன, நான் கவனிக்கவில்லை. ஒரு மனிதருக்கு இல்லாத நோயை எழுதிவிட்டேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

நீங்கள் முடித்த 80 தாள்களிலும் வரிசையாக ஆம் ஆம் என்று போகிறவை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். இனிமேல் டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள், உங்கள் உதடு அவர் கண்ணில் படட்டும். கத்தினால் சொல் சிதைந்துதான் போகும். நிதானமாகப் பேசுங்கள். கண்ணாடி இருந்தால் போடச் சொல்லுங்கள்.

வீட்டார் முந்திக்கொண்டு சொல்வதற்கு வருகிறேன். அவர்களை விரட்டாதீர்கள், அவர்களும் நமக்கு வேண்டும். “அண்ணி, உங்ககிட்டயும் தனியா பத்து நிமிஷம் பேசணும், மொதல்ல பாட்டிய முடிச்சிடறேன்” என்று முறை வைத்துச் சொன்னால் தள்ளிப்போவார்கள். வலி, தூக்கம், மனசு, சாப்பாடு, இருமினால் தும்மினால் ஒண்ணுக்குக் கசிகிறதா என்பதெல்லாம் முதியவரிடம் தனியாக மட்டும். மறதி விஷயத்தில் தலைகீழ். அங்கே வீட்டார் சொல்வது இல்லாமல் முடியாது. உலகில் மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் (66 சதவீதம்) ஏழை, வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட (10 சதவீதம்) அவர்களைப் பற்றி இல்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்டது 10/66 ஆய்வுக் குழு. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். அவர்கள் முதியவரிடம் ஒரு பேட்டி, அவரை நன்கு அறிந்தவரிடம் ஒரு பேட்டி என்று இரண்டும் எடுத்தார்கள். 1975-ல் அமெரிக்காவில் உருவான, மறதியைக் கணிக்கும் மினி மென்டல் பரிசோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒரு சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி அதில் தோற்பதற்கும் மறதிக்கும் சம்பந்தம் இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில் அதைப் படிக்காத கிராமத்தாருக்கென்று மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டார்கள்.

உங்களுக்கு இதில் தினமும் வரும் சிக்கல், “இன்னிக்கு என்ன தேதி?” என்பது. “ஆடிப்பெருக்கு கழிஞ்சு நாலு நாள்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காலம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. தாளில் அதற்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதி ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். வயதைக் கணிக்கவும் இதே மாதிரி. ஆதார் அட்டையில் பல பேருக்கு ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது. “எம்ஜிஆர் இறந்தப்ப மூத்தவனுக்கு என்ன வயசு?” என்று கேட்டால் 1987 டிசம்பரிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போகலாம்.

ஆய்வுக்குக் கேட்பதும் வைத்தியத்துக்குக் கேட்பதும் வேறு வேறு என்பதுதான் உங்கள் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன். ஆய்வில் கேள்வியை அச்சில் இருக்கிறபடி வாசிக்க வேண்டும். உங்கள் இஷ்டத்துக்கு விளக்கினால் 120 பேரிடம் 120 கேள்விகள் கேட்டதாகிவிடும். வைத்தியத்தில் அச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் அந்தத் தாத்தாவின் மஞ்சப்பை வெளியே வராது. ஆகவே தாளை ஒழுங்காக முடியுங்கள், மூடி பைக்குள் வையுங்கள், தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், அப்புறம் நர்சம்மாவாகப் பேசுங்கள். மூடிய பிறகு வருவதுதான் பல சமயம் முக்கியமானது, வாசலில் பாட்டி சொன்ன மாதிரி. ஒரே ஒரு இடத்தில் பாதியிலேயே தாளை மூடிவிட வேண்டும். “சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவல” என்று நம் ஊர் முதியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாண்டாதீர்கள். “நீங்களே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணியிருக்கா?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து அப்புறப்படுத்த வையுங்கள், தனியாக விடாதீர்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

சம்மதம் வாங்குவதில் உங்களுக்கு வெளியூர் ஆய்வாளரைவிடப் பொறுப்பு அதிகம். அவர்களுக்கு மாத்திரை தருவதும் நீங்கள், பேத்திக்கு ஊசி போடுவதும் நீங்கள். மாட்டேன் என்று சொன்னால் எங்கே அது நின்றுபோகுமோ என்று பயந்தே கைநாட்டு வைப்பார்கள். “இது காலேஜ் வேல, நீங்க வேணாம்னு சொன்னாலும் மாத்திர எப்பவும் போல வரும், பென்ஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. முக்கால் மணி நேரம் போனால் பதில்கள் சுருங்கிவிடும், 14 பக்கத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் நாளையும் ரேஷன் போடும் நாளையும் தவிர்த்துப் போங்கள்.

என்ன பயன் என்று கேட்டீர்கள். இப்போதைய நிலையில் அந்த 80 பேருக்கு ஒரு பயனும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், அதை மாற்ற முடியும். இன்னும் 40 பேர் பாக்கி. அவர்களைத் தொடங்கும் முன் ஆய்வுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விழுகிறவர், எடை குறைகிறவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர், காது கேட்காதவர் கிடைத்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்று ஒரு பக்கத்தில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முடித்த 80 பேரில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று அவர்களே தாளைப் பார்த்துச் சொல்லட்டும். முடிவுகளை ஊர்க் கூட்டத்தில் வந்து தமிழில் சொல்ல ஒரு தேதியும் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் மெடிக்கல் ஆபீசர் மூலமாகக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம், அந்தக் குழுவின் தொடர்பு விவரம் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

பாட்டியின் எடையைப் பார்த்ததும் எனக்கு எழுதுங்கள், மாத்திரையின் பெயரையும் சேர்த்து.